வெள்ளைக் கவுன் போட்ட நாற்பத்து மூன்று பேர்

சேதி வந்தபோது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது. முத்துமாரி தறி நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு தறிகள் ஒரே கொட்டகைக்குள் ஓடும்போது எந்தப் பேச்சும் காதில் விழாது. அதனால் மேஸ்திரி சங்கரபாண்டியன் முதலில் அவளுடைய மோட்டாரை நிறுத்தினான். நடுவேலையில் ஒருவருடைய மோட்டார் நின்றால் அது பிறப்போ இறப்போ என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்துப் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அவன் குனிந்து அவள் காதருகே சொன்னான். “மாரியக்கா, ஸ்டூடியோ எபினேசர் அண்ணாச்சி போய்ட்டாராம். குளிக்கப் போனவரு உள்ளேயே விழுந்திருக்காரு.”

எப்படி, எப்போது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எதையும் அவள் கேட்கவில்லை.

“கடைச் சாவி யார்ட்ட இருக்கு?” என்றாள்.

சங்கரபாண்டியன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டுப் போனான். சாயந்தரத்துக்குள் அந்தக் கேள்வி தெருவெல்லாம் சுற்றி வந்துவிட்டது. ஒரு மனுஷன் செத்த சேதி கேட்டுச் சாவியை விசாரித்தவள் என்று முத்துமாரியைச் சொன்னார்கள். சொன்னவர்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது, ஆனால் அதற்கு நேரம் இல்லை. எபினேசரின் கடை இருந்த கட்டடம் ரோட்டை அகலப்படுத்துவதற்காக ஞாயிற்றுக்கிழமை இடிபடப்போகிறது. அந்தக் கடைக்குள் எங்கோ ஒரு பெட்டியில் அவளுடைய மகளின் முகம் இருக்கிறது. அது எந்தப் பெட்டி என்று தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார்.

முத்துமாரிக்கு வயது அறுபத்தாறு. இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில், மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும் இயந்திரத்தில் வலது கை மோதிர விரலின் நுனிக் கணு போயிற்று. பெண் பார்க்க வந்த பிச்சையா அந்த விரலைப் பார்த்துவிட்டு, “மோதிரம் போட்டா வழுக்கிட்டுப் போயிரும், செலவு மிச்சம்” என்றான். கதவுக்குப் பின்னால் நின்றவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு கல்யாணம் முடிவாகி, சங்கரன்கோவிலில் புதுமனைத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். பிச்சையா தறி ஓட்டினான். அவள் தார் சுற்றினாள். அடுத்த வருஷம் ஆவுடைத்தாய் பிறந்தாள்.

ஆவுடைக்கு இரண்டரை வயதாகும்போது ஆடித் தபசுத் திருவிழா அன்று படம் எடுக்கலாம் என்றது பிச்சையாதான். தபசுக்குத் திருவேங்கடம், ராயகிரி என்று நாலா பக்கத்திலிருந்தும் வண்டி கட்டி ஜனம் வரும் காலம். அன்றைக்கு ஸ்டூடியோ வாசலில் கோவில் வாசலில் நிற்கிற மாதிரிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசை நிற்கும். ஆவுடை சவ்வு மிட்டாய் தின்று பாவாடை முழுக்க ஒழுகவிட்டிருந்தாள். எபினேசர் அப்போது முப்பத்து மூன்று வயதுக்காரர். பாவாடையைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய ஒரு வெள்ளைக் கவுனை எடுத்து மாட்டிவிட்டார். கழுத்தில் ஜாலர் வைத்த கவுன். அது கடைக்குச் சொந்தம். அழுக்குத் துணியோடு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான். பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் இழுத்துத் துணி கிளிப் போடுவார். சின்னதாக இருந்தால் பொத்தானைப் பூட்டாமல் விட்டுவிடுவார். படத்தில் முதுகா தெரியப் போகிறது?

சின்னப் பிள்ளை தனியாக நாற்காலியில் உட்காராது. அதனால் அம்மாக்காரியை நாற்காலிக்குப் பின்னால் குந்தவைத்து, ஒரு கையை மட்டும் முன்னால் விட்டு இடுப்பைப் பிடிக்கச் சொல்வார். கவுனின் விரிப்பு கையை மறைத்துக்கொள்ளும். மொத்தமும் மறைக்காது, விரல்கள் கொஞ்சம் தெரியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முத்துமாரி அப்படித்தான் குந்தியிருந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது நாற்காலியின் முதுகுக் கட்டையும், மேலே பிள்ளையின் பிடரியும், ஒரு காதும். மகளைப் படம் எடுத்த அந்த நேரத்தில் மகளின் முகத்தைப் பார்க்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

படத்தை அவள் கடைசிவரை பார்க்கவில்லை. பிச்சையா போய் வாங்கி வருவதாகச் சொன்னான். பிறகு, சட்டம் போடக் கொடுத்திருக்கிறது என்றான். தறியில் வேலை அதிகம், நாளை, அடுத்த வாரம், தீபாவளிக்குள் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. கார்த்திகையில் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆறு நாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

முத்துமாரி அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். பதினாறு நாள் கழித்துப் படத்தைக் கேட்டாள். பிச்சையா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “குழியில போட்டுட்டேன். வயித்துல ஒண்ணு இருக்கையில போன பிள்ள படத்தப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாதுட்டி.” ஊரிலும் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவள் மறுபடி கேட்கவில்லை.

முதல் வருஷம் முகம் கண்முன்னால் நின்றது. கண்ணன் பிறந்து அவனுக்கும் இரண்டரை வயதானபோது, அவன் முகம் போய் அக்கா முகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. எது யாருடைய மூக்கு, யாருடைய சிரிப்பு என்று பிரிக்க முடியாமல் போயிற்று. நாற்பது வயதில் பிடரியும் காதும் மட்டும் மிஞ்சின. தறிக் கொட்டகையில் யாராவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதுகு காட்டி நின்றால் அவள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்தப் பிள்ளை திரும்பினால் சரியாகிவிடும். பிச்சையா பதினோரு வருஷத்துக்கு முன்னால் செத்தான். கண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவள் தனியாக இருந்து, இன்னும் தார் சுற்றுகிறாள்.

போன ஆனி மாதம் நலவாரிய அட்டைக்குப் படம் எடுக்க எபினேசர் கடைக்குப் போனபோது, அவர் ஒரு கறுப்புத் தகட்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன என்று கேட்டாள். நெகட்டிவ், பழைய கல்யாணம் ஒன்று, பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றார். ஒரு படத்துக்கு அச்சு என்று ஒன்று கடையிலேயே தங்கிவிடும் என்பது முத்துமாரிக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்பத்தைந்து வருஷமாக அந்த வாசல் வழியாகத்தான் காய்கறி வாங்கப் போய் வந்துகொண்டிருந்தாள்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எபினேசர் தண்ணீர் கொடுத்துவிட்டு எந்த வருஷம் என்று விசாரித்தார். பெயர் எழுதிய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது, ஆனால் பெட்டிகள் இருக்கின்றன என்றார். பிள்ளை எந்தத் துணி போட்டிருந்தாள் என்று கேட்டார். வெள்ளைக் கவுன் என்றதும் சிரித்துவிட்டார்.

“துணிய வச்சு ஆளத் தேடக் கூடாதும்மா. சங்கரன்கோவில்ல பாதிப் பேரு அந்தக் கவுனப் போட்டவங்கதான். நாற்காலியப் பாக்கணும். இடது கைப்பிடியில குமிழ் ஒடஞ்ச நாற்காலி ரெண்டே வருசந்தான் இருந்துச்சு. அதுக்குள்ள ஒம்பிள்ள இருக்கா.”

அதன் பிறகு வாரம் இரண்டு தடவை அவள் போய் நின்றாள். தேடுதேன், தேடுதேன் என்பார். ஆவணியில் ஒருநாள் அவர் பதில் மாறிற்று. கிடைத்த மாதிரிதான், கொஞ்சம் பொறு என்றார். காட்டுங்கள் என்றால் பேச்சை மாற்றினார். கடைசியாகப் பார்த்த சனிக்கிழமை, ஆவுடை அம்மா சாடையா அப்பா சாடையா என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“அது தெரிஞ்சா உங்ககிட்ட நான் ஏன் அண்ணாச்சி நடையா நடக்கேன்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அதுதான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

புதன்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் முத்துமாரி நின்றாள். எல்லோரும் கலையும்போது எபினேசரின் மகள் ஜாய்ஸிடம் போனாள். ஜாய்ஸ் நாகர்கோவிலில் நர்ஸ். ஞாயிறு வரை லீவு போட்டு வந்திருந்தாள். முத்துமாரி விஷயத்தைச் சொல்லத் தொடங்கும்போதே உறவுக்காரப் பெண் ஒருத்தி குறுக்கே வந்து, மண் காயவில்லை, அதற்குள் வந்துவிட்டாயா என்றாள். முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் நகரவில்லை. ஜாய்ஸ் முழுக்கக் கேட்டாள். சனிக்கிழமை காலையில் பழைய சாமான்காரர் வண்டியோடு வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார், வியாழன் வீட்டில் ஜெபம், வெள்ளி ஒரு நாள்தான் இருக்கிறது, வாருங்கள் பெரியம்மா என்றாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தார்கள். சிகரெட் அட்டைப்பெட்டி, பிஸ்கட் டின், செருப்புப் பெட்டி என்று கூரை வரை இருந்தது. ஒவ்வொன்றிலும் வருஷம் எழுதியிருந்தது. எழுபத்தெட்டு முதல் எண்பது வரை பதினோரு பெட்டிகள். ஒவ்வொரு நெகட்டிவாக எடுத்து ஜாய்ஸ் வெளிச்சத்தில் பிடித்தாள். வெறுங்கண்ணால் பார்த்தால் அவை குழந்தைகள் மாதிரியே இல்லை. முடி வெளுத்து, பல் கறுத்து, கண்ணுக்குள் விழி வெள்ளையாக, வேறு எங்கிருந்தோ வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஜாய்ஸ் செல்போனை மேலே பிடித்து நிறத்தைத் திருப்பினாள். உடனே அவர்கள் தெருப் பிள்ளைகளாகிவிட்டார்கள். கன்னத்தில் மைப்பொட்டு, கையில் கடையின் பொம்மை டெலிபோன், அளவு சேராததால் காலில் மாட்டாமல் காலுக்கு முன்னால் வைத்த ஷூ.

ஜாய்ஸுக்கு அவர்களைப் பார்க்கத் தெரிந்த விதம் வேறு. இவனுக்கு வயிற்றில் பூச்சி, இந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே காய்ச்சல், இவள் கண் மாறுகண் ஆகப்போகிறது என்று தன்னை அறியாமல் சொல்லிக்கொண்டே போனாள். பூச்சடை தைத்து, வளையல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையை முத்துமாரி கையில் வாங்கினாள். இது பையன் பெரியம்மா, முடி இறக்குவதற்கு முந்தின நாள் எடுத்திருக்கிறார்கள், தோளைப் பாருங்கள் என்றாள் ஜாய்ஸ். இன்னொரு படத்தை வெளிச்சத்தில் பிடித்தவள் உடனே கவிழ்த்து வைத்தாள். முத்துமாரி அதை எடுத்துப் பார்த்தாள். நன்றாகச் சீவிப் பொட்டு வைத்த ஒரு பிள்ளை, கண் மூடி, நாற்காலியோடு துண்டால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது; உயிர் போன பிறகு எடுத்த படம். அந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்கு இதாவது கிடைத்தது என்று அவளுக்குத் தோன்றிற்று. அப்படித் தோன்றியதற்காகத் தன் வாயிலேயே ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குள் குமிழ் உடைந்த நாற்காலிப் படங்களைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அதில் வெள்ளைக் கவுன் போட்டவர்கள் நாற்பத்து மூன்று பேர். தரையில் வெள்ளைக் காகிதம் விரித்து வரிசையாக அடுக்கினார்கள். முத்துமாரி முட்டிபோட்டு, செல்போனைக் கையில் வாங்கி, ஒன்று ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

முதல் தடவை, ஒருத்தியும் இல்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா, பார்த்த மாத்திரத்தில் அடிவயிறு சொல்லிவிடும் என்றுதான் நம்பி வந்திருந்தாள். அடிவயிறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை, ஒன்பதாவது படத்தைக் காட்டி இவள்தான் என்றாள். ஜாய்ஸ் அதைத் தனியாக எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இருபத்தாறாவது படத்தைத் தொட்டு இவள்தான் என்றாள். பிறகு முப்பத்தொன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மூன்றும் மூன்று ஜாதி முகம். ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்றுக்குத் தாடையில் குழி.

மத்தியானம் கண்ணன் போன் செய்தான். அம்மா சாப்பிடவில்லை என்று சங்கரபாண்டியன் மூலம் கேள்விப்பட்டிருந்தான். ஏம்மா இப்படி அலையுதே, இப்போ எல்லாம் செல்லிலேயே செய்யலாம், என்னுடைய சின்ன வயசுப் படத்தை அனுப்பினால் பொம்பளைப் பிள்ளையாக மாற்றி அனுப்புகிறேன், அக்கா அப்படித்தான் இருந்திருப்பாள் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டாள். மகளின் முகத்தின் மேல் மகனின் முகம் ஏற்கெனவே ஒரு தடவை உட்கார்ந்தது போதும் என்று இருந்தது.

ஜாய்ஸ் இரண்டு டம்ளரில் டீ வாங்கி வந்தாள். அவளும் களைத்திருந்தாள்; செத்தது அவளுடைய அப்பா. முத்துமாரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். “பெரியம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்த மூணுல ஒண்ண எடுத்துட்டுப் போங்க. பெரிசாப் போட்டுத் தாரேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்கே தெரியாமப் போயிருமோன்னுதான் பயமா இருக்கு தாயி” என்றாள் முத்துமாரி. “ஊரான் பிள்ளைக்குப் பொட்டு வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருப்பேன். எம்பிள்ள இந்தக் குப்பையோட வண்டில ஏறிப் போயிருவா.”

டீ ஆறிப்போயிற்று. அவள் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகங்களை இதற்கு மேல் பார்க்க முடியவில்லை. எல்லா முகமும் ஒரே முகமாகக் குழைந்துவிட்டது. கண் தானாகக் கீழே இறங்கிக் கவுனின் விரிப்பில் நின்றது. அங்கே நாலு விரல். பக்கத்துப் படத்திலும் நாலு விரல், கண்ணாடி வளையல். அடுத்ததில் கைக்கடிகாரம் கட்டிய ஒரு ஆண் கை. நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று பேர் முகம் காட்டாமல் குந்தியிருந்தார்கள்.

முத்துமாரி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆவுடையின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கை தெரியும்.

“பிள்ளையப் பாக்க வேண்டாம். கையப் பாரு. மோதிர விரலு கட்டையா இருக்கான்னு பாரு” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது.

இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்கள். மருதாணி வைத்த கை, நகம் வளர்த்த கை, மெட்டி மாதிரி மோதிரம் போட்ட கை. ஒன்பது இல்லை. இருபத்தாறு இல்லை. முப்பத்தொன்றில் ஐந்து விரலும் முழுசாகத் தெரிந்தது. இவள்தான் என்று அவள் சத்தியம் செய்யத் தயாராக இருந்த மூன்று பிள்ளைகளும் வேறு யாரோ. நாற்பத்து மூன்றையும் பார்த்து முடித்தபோது மணி நாலு. கட்டையான மோதிர விரல் எங்கும் இல்லை.

முத்துமாரி அழவில்லை. எழுந்து போய் மற்றப் பெட்டிகளைக் கீழே இறக்கத் தொடங்கினாள். எழுபது, எழுபத்திரண்டு, எண்பத்தைந்து என்று வருஷம் பார்க்காமல் இறக்கினாள். ஒன்று கை நழுவித் தரையெல்லாம் நெகட்டிவ் சிதறியது. ஜாய்ஸ் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். அப்பா கிடைத்த மாதிரி என்று சொன்னது உண்மைதானா என்று கேட்டாள். ஆமாம், ஆவணியில் சொன்னார் என்றாள் முத்துமாரி. கிடைத்திருந்தால் பெட்டிக்குள் திரும்ப வைத்திருக்கமாட்டார் என்று ஜாய்ஸ் சொன்னாள்.

பின்னறையில் எபினேசர் நெகட்டிவைத் திருத்துகிற டச்சிங் மேஜை இருந்தது. சாய்வுப் பலகை, நடுவில் அடியிலிருந்து விளக்கு எரியும் ஒரு கண்ணாடிச் சதுரம். அதன் மேல் கறுப்புத் துணி போட்டிருந்தது. துணியை எடுத்தபோது ஒரு நெகட்டிவ் கண்ணாடியோடு ஒட்டப்பட்டிருந்தது. ஜாய்ஸ் விளக்கைப் போட்டாள்.

முத்துமாரி முதலில் பார்த்தது கையைத்தான். கவுனின் மடிப்புக்குக் கீழே நாலு விரல், அதில் ஒன்று பாதியில் நின்றது. வேறு யாருடையதாகவும் இருக்க வழியில்லை. அவள் கண்ணாடிக்கு மேல் தன் கையை அதே மாதிரி வைத்துப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷத்தில் கை தடித்துவிட்டது, நரம்பு புடைத்துவிட்டது, அந்த விரலின் வெட்டு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு மேலே பார்த்தாள். ஜாய்ஸ் செல்போனைக் கொண்டுவந்து பிடித்தாள்.

கால் தெளிவாக இருந்தது, பத்து விரலும். கொலுசு தெரிந்தது. கவுனின் ஜாலர் நூல் நூலாகத் தெரிந்தது. கழுத்துக்கு மேல் ஈரக் கையால் துடைத்த மாதிரி ஒரு வெளுப்பு. படம் விழுகிற அந்த நேரத்தில் பிள்ளை தலையைத் திருப்பியிருக்கிறாள். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் இருந்த அம்மாவைப் பார்க்கத் திரும்பியிருக்கிறாள்.

மேஜை மேல் ஒரு பழுப்பு உறை கிடந்தது. முத்துமாரி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். உறையில் இருந்ததை எழுத்துக் கூட்டி அவளே வாசித்தாள். பிச்சையா, புதுமனைத் தெரு. குழந்தை அசைந்துவிட்டது. மறுபடி எடுக்கணும், காசு வேண்டாம். அதற்குக் கீழே, வேறு பேனாவில், பிச்சையாவிடம் சொல்லியாச்சு, 10-8-79.

இரண்டு தடவை வாசித்தாள். ஜாய்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். முத்துமாரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அப்போ படமே இல்ல” என்றாள். “சட்டம் போடவும் குடுக்கல. குழியிலயும் போடல.”

பிச்சையா மறுபடி கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் நினைத்திருப்பான். தீபாவளிக்குப் புதுப் பாவாடை எடுத்த பிறகு, தறிக்கு லீவு விடுகிற ஒரு நாளில். அதற்குள் சொல்லி அவள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டாம் என்று விட்டிருப்பான். அதன் பிறகு சொல்ல வழி இல்லாமல் போயிற்று. அவளும் அவனும் இன்னும் முப்பத்து நாலு வருஷம் ஒரே பானையில் சாப்பிட்டார்கள். பிள்ளையின் படத்தைக் குழியில் போட்டவன் என்று அவள் மனசுக்குள் அவனைத் திட்டாத கார்த்திகை இல்லை. அவன் அது தெரிந்தும் சும்மா இருந்தான். இன்றைக்கு அவன் இருந்தால் கேட்டிருப்பாள். ஆவுடையின் முகத்தை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை, பார்த்தவர்களில் எபினேசரும் போய்விட்டார், பிச்சையாவும் போய்விட்டான், தன்னிடமும் அது இல்லை. அவ்வளவுதான். இனி தேட எந்தப் பெட்டியும் இல்லை.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிற ஆட்டோக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜாய்ஸ் குனிந்து கண்ணாடிச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“அப்பா இதுல வேல பாத்திருக்காங்க பெரியம்மா” என்றாள்.

முத்துமாரியிடம் உருப்பெருக்கியைக் கொடுத்துவிட்டு விளக்கினாள். படத்தில் வெளுப்பாக வேண்டிய இடத்தில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டுவார்கள், கறுப்பாக வேண்டிய இடத்தில் பிளேடு நுனியால் சுரண்டுவார்கள். அந்த வெளுப்புக்குள், மணல் பருமனில் மணல் பருமனில், எபினேசர் ஒரு முகத்தை வைக்கத் தொடங்கியிருந்தார். நெற்றி முடிந்திருந்தது. மூக்கின் மேடு முடிந்திருந்தது. வலது கண் புருவத்தோடும், மை இட்ட இமையோடும், விழிக்குள் ஒரு பொட்டு வெளிச்சத்தோடும் முழுசாக இருந்தது. யாருடைய கண் என்று சொல்ல முடியவில்லை. முத்துமாரி உருப்பெருக்கியை அதன் மேலிருந்து எடுக்காமல் நின்றாள்.

இடது கண்ணில் அவர் இன்னும் கை வைத்திருக்கவில்லை.